‘டு’ வந்த இடமெல்லாம் பிரிப்பொசிஷன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த ஆங்கில இலக்கணப் பயிற்சி குறித்து இதை எழுதுகிறோம். பத்து வாக்கியம் கொடுத்து, பிரிப்பொசிஷனை, அதாவது பெயருக்கு முன்னால் நின்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லை, அடிக்கோடிடச் சொல்லியிருந்தீர்கள். விடைப் பகுதியில் இரண்டு விடை தவறு. ‘ஷி வான்ட்ஸ் டு ஈட் எ மேங்கோ’ என்பதில் ‘டு’வுக்கும், ‘ஹி டர்ன்ட் டவுன் தி ரேடியோ’ என்பதில் ‘டவுன்’னுக்கும் கோடு விழுந்திருக்கிறது. இரண்டுமே அங்கே பிரிப்பொசிஷன் அல்ல.

கைதவறி வந்த பிழை என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டோம். கடையில் விற்கும் பல கைடுகளிலும் இதே வகைப் பிழைதான். ‘இன், ஆன், அட், டு, அப், டவுன்’ என்று ஐம்பது சொல்லைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிறகு அந்தச் சொல் கண்ணில் பட்ட இடமெல்லாம் கோடு. ஒரு சொல் எந்த வகை என்பதை அதன் முகம் சொல்லாது, அது வாக்கியத்தில் செய்யும் வேலைதான் சொல்லும். தமிழிலும் அப்படித்தானே? ‘படி’ என்றால் வாசற்படியா, பாடம் படிப்பதா, அரிசி அளக்கும் படியா என்று பட்டியலைப் பார்த்தா முடிவு செய்கிறோம்?

பிள்ளைகளோடு பெற்றோரும் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பாடநூல் ‘முன்னிடைச்சொல்’ என்று எழுதினாலும் வகுப்பில் எல்லார் வாயிலும் வருவது ‘பிரிப்பொசிஷன்’தான்; அதையே வைத்துக்கொள்கிறோம்.

முதலில் எங்கே இடறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகிறார்கள். இரண்டு மொழியிலும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும். ‘மேசைமேல்’ என்கிறோம், மலையாளத்தில் ‘மேசப்புறத்து’. ஆங்கிலத்திலோ ‘ஆன் தி டேபிள்’. நம் மொழியில் வாலில் இருப்பது அங்கே தலையில் இருக்கிறது. நன்னூல் சொல்லும் ஐ, ஆல், கு, இன், அது, கண் ஆகிய உருபுகளும், ‘கொண்டு, உடன், பொருட்டு, இருந்து’ போன்ற சொல்லுருபுகளும் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் பிரிப்பொசிஷன் செய்கிறது. இடம்தான் தலைகீழ்.

எவ்வளவு தலைகீழ் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘கோயிலுக்கு முன்னால் உள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடை.’ இதைக் கடைசியிலிருந்து படித்தால் ஆங்கிலம் வந்துவிடும்: ‘தி ஷாப் நியர் தி பஸ் ஸ்டாண்ட் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி டெம்பிள்.’ கடை, பக்கத்தில், பஸ் ஸ்டாண்ட், முன்னால், கோயில். கண்ணாடியில் பார்த்ததுபோல் வரிசை அப்படியே திரும்பிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பிலேயே இப்படி நாலைந்து வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பழக்கினால் போதும். பட்டியலை ஒரு மாதம் உருப்போட்டாலும் இந்தப் பிடி கிடைக்காது.

அடுத்து, தொடரை, அதாவது பிரிப்பொசிஷனும் அதன் பெயரும் சேர்ந்த கட்டை, பிடிக்கும் வழி. பென்சில் இருந்தால் போதும். சந்தேகப்படும் சொல்லுக்கு முன்னால் ஓர் அடைப்புக்குறி திறக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லி ‘எதை? எது? யார்?’ என்று கேட்க வேண்டும். பதிலாக வரும் பெயர்ச்சொல்லோடு அடைப்பை மூட வேண்டும். ‘தி பாய் வென்ட் டு தி மார்க்கெட் வித் ஹிஸ் டூ லிட்டில் சிஸ்டர்ஸ்.’ டு என்றால் எது? மார்க்கெட். மூடு. வித் என்றால் யார்? சிஸ்டர்ஸ். மூடு. நடுவில் வந்த ‘தி’, ‘ஹிஸ்’, ‘டூ’, ‘லிட்டில்’ எல்லாம் அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும். அவை அந்தப் பெயருக்கு அடைகள். பதிலாக வரும் பெயர்தான் பிரிப்பொசிஷனின் ஆப்ஜெக்ட். பதிலே வரவில்லையென்றால் அடைப்பை அழித்துவிடலாம்.

அடைப்பைத் திறப்பதில் பிள்ளைகள் அதிகம் தவறுவதில்லை, மூடுவதில்தான் தவறு. ‘ஹி வொர்க்ஸ் இன் எ கோகனட் ஆயில் மில்’ என்ற வாக்கியத்தில் முதல் பெயர்ச்சொல்லைக் கண்டதும் ‘இன் எ கோகனட்’ என்று மூடிவிடுகிறார்கள். அவன் தேங்காய்க்குள் உட்கார்ந்தா வேலை செய்கிறான்? ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வந்தால் கடைசியில் நிற்பதுதான் தலைமை. ‘மில்’ வரும்வரை அடைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ‘எண்ணெய் ஆலை’ என்பதில் ஆலைதானே தலை? இந்த ஒன்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

ஆப்ஜெக்ட்டாக எது வரலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெயர் வரலாம். பிரதிப்பெயர் வந்தால் ‘ஹி’ அல்ல ‘ஹிம்’, ‘ஐ’ அல்ல ‘மி’. ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ தவறு, ‘பிட்வீன் யூ அண்ட் மி’ சரி. வினை வந்தால் ‘இங்’ ஒட்டி வரும்: ‘வித்தவுட் ஆஸ்கிங்’, ‘ஆஃப்டர் ஈட்டிங்’. ‘ஃப்ரம் அண்டர் தி காட்’ என்பதுபோல் ஒரு பிரிப்பொசிஷனுக்குப் பின் இன்னொரு தொடரே வந்து உட்காருவதும் உண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து என்று நாமும் இரண்டு உருபை அடுக்குகிறோமே, அதுபோல.

இனி ‘டு’. இவ்வளவு தொல்லை கொடுக்கும் சொல் வேறு இல்லை. பின்னால் பெயர் வந்தால் பிரிப்பொசிஷன்: ‘ஷி வென்ட் டு சித்தூர்’. பின்னால் வினையின் மூல வடிவம் வந்தால் அது இன்ஃபினிட்டிவ்: ‘ஷி வான்ட்ஸ் டு ஈட்’. சிக்கல் எங்கே என்றால், ‘ஸ்லீப்’, ‘வாக்’, ‘வொர்க்’ எல்லாம் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். அப்போது தமிழ் கைகொடுக்கும். தமிழில் செய என்னும் வாய்பாட்டு எச்சமாக வந்தால் இன்ஃபினிட்டிவ். பெயரோடு ‘கு’ உருபு வந்தால் பிரிப்பொசிஷன். ‘ஹி வான்ட்ஸ் டு வொர்க்’ என்றால் வேலை செய்ய விரும்புகிறான். ‘ஹி கோஸ் டு வொர்க் பை பஸ்’ என்றால் பஸ்ஸில் வேலைக்குப் போகிறான்.

இந்தச் சோதனை கைவிடும் இடமும் ஒன்று உண்டு. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு எழப் பழகியவன் என்று பொருள். தமிழில் ‘எழ’ என்று எச்சம் வந்துவிட்டது, ஆனால் ‘டு’ இங்கே பிரிப்பொசிஷன். ஆங்கில வினையைத்தான் பார்க்க வேண்டும்: ‘வேக்கிங்’ என்று ‘இங்’ ஒட்டியிருக்கிறது. ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்’ என்பது வேறு: முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை. அங்கே ‘டு’ இன்ஃபினிட்டிவைச் சேர்ந்தது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘மீட்டிங் யூ’ என்றுதான் வர வேண்டும், ‘மீட் யூ’ அல்ல. விண்ணப்பக் கடிதங்களில் படித்தவர்களே ‘மீட் யூ’ என்று எழுதிவிடுவதற்குக் காரணம், அந்த ‘டு’ எது என்று ஒருநாளும் பார்க்காததுதான்.

தங்கள் பயிற்சியின் இரண்டாவது பிழைக்கு வருகிறோம். ‘ஹி டர்ன்ட் டவுன் தி ரேடியோ’, ‘ஹி டர்ன்ட் டவுன் தி லேன்’. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முதலாவது, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். இரண்டாவது, சந்தில் திரும்பினான். முதலாவதில் ‘டவுன்’ வினையோடு ஒட்டிய துணுக்கு. ஆங்கிலத்தில் பார்ட்டிக்கிள் என்பார்கள். வினையும் அதுவும் சேர்ந்தால் ஃப்ரேசல் வெர்ப். இரண்டாவதில்தான் ‘டவுன் தி லேன்’ என்று உண்மையான தொடர் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது? துணுக்கைப் பெயருக்குப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். ‘ஹி டர்ன்ட் தி ரேடியோ டவுன்’ என்றால் வாக்கியம் நிற்கிறது. ‘ஹி டர்ன்ட் தி லேன் டவுன்’ என்றால் உடைந்துவிடுகிறது. நகர்ந்தால் பார்ட்டிக்கிள், நகர மறுத்தால் பிரிப்பொசிஷன். பெயருக்குப் பதில் ‘இட்’ போட்டால் இன்னும் தெளிவு: ரேடியோவுக்கு ‘டர்ன்ட் இட் டவுன்’ என்று மட்டும்தான் வரும்.

பொருளை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது. இரண்டு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதால் ‘ஆஃப்டர்’ஐயும் பார்ட்டிக்கிள் என்கிறார்கள். நகர்த்திப் பாருங்கள்: ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது பிரிப்பொசிஷன்தான். ‘புட் அப் வித்’ என்பதில் ‘அப்’ பார்ட்டிக்கிள், ‘வித்’ பிரிப்பொசிஷன்; ஒரே வினையோடு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கேரள எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தாளில் ஃப்ரேசல் வெர்ப்புக்கென்றே கேள்வி வருவதால் இது வெறும் இலக்கண ஆராய்ச்சி அல்ல, மதிப்பெண்.

‘ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில்’ நான்கும் இரட்டை வேடக்காரர்கள். பின்னால் பெயர் மட்டும் இருந்தால் பிரிப்பொசிஷன். எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழு வாக்கியம் இருந்தால் கன்ஜங்ஷன், அதாவது இணைப்புச் சொல். தமிழ் இதை அழகாகக் காட்டிக்கொடுக்கும். ‘மழைக்குப் பிறகு’ என்று ‘கு’ வந்தால் ‘ஆஃப்டர் தி ரெயின்’, பிரிப்பொசிஷன். ‘மழை பெய்த பிறகு’ என்று பெயரெச்சம் வந்தால் ‘ஆஃப்டர் இட் ரெயின்ட்’, கன்ஜங்ஷன். ‘பிக்காஸ்’ எப்போதும் கன்ஜங்ஷன். ‘பிக்காஸ் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ ஒட்டினால் இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பிரிப்பொசிஷன். ‘இன் ஃப்ரன்ட் ஆஃப்’, ‘இன்ஸ்டெட் ஆஃப்’, ‘அக்கார்டிங் டு’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ போன்றவற்றையும் ஒரே கட்டாகத்தான் எண்ண வேண்டும். ‘இன் ஃப்ரன்ட் ஆஃப் தி டெம்பிள்’ என்பதை இரண்டு தொடராக எண்ணிய மாணவருக்கு மதிப்பெண் குறைப்பதா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே தகராறு வரும். பள்ளி அளவில் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

‘ஹி ஃபெல் டவுன்’ என்று வாக்கியம் அங்கேயே முடிந்தால் ‘டவுன்’ அட்வெர்ப், அதாவது வினையடை. ‘ஹி ஃபெல் டவுன் தி ஸ்டெப்ஸ்’ என்று படிக்கட்டும் வந்தால் பிரிப்பொசிஷன். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2002-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், ஆப்ஜெக்ட் இல்லாத இந்த ‘டவுன்’ஐயும், ‘ஆஃப்டர் இட் ரெயின்ட்’ என்பதில் வரும் ‘ஆஃப்டர்’ஐயும் பிரிப்பொசிஷன் என்றே வகைப்படுத்துகிறது. கல்லூரியில் மொழியியல் படிக்கப் போகும் பிள்ளை அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பள்ளித் தேர்வு இன்னும் பழைய கணக்கில்தான் ஓடுகிறது.

தொடரைப் பிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று கேட்க வேண்டும். பல கைடுகள் இதைத் தொடுவதே இல்லை. ‘தி கேட் ஆன் தி ரூஃப் இஸ் மைன்’, ‘தி கேட் ஸ்லெப்ட் ஆன் தி ரூஃப்’. இரண்டிலும் ‘ஆன் தி ரூஃப்’ உண்டு. முதலாவது எந்தப் பூனை என்று சொல்கிறது; ஆகவே பெயரடையின் வேலை. இரண்டாவது எங்கே தூங்கியது என்று சொல்கிறது, வினையடையின் வேலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடுப்பு. தமிழில் மாற்றினால் வேடம் கலைந்துவிடும். ‘கூரைமேல் உள்ள பூனை என்னுடையது.’ ‘பூனை கூரைமேல் தூங்கியது.’ ‘உள்ள, இருக்கும், இருந்த, உடைய’ என்று ஏதாவது ஒரு சொல்லை ஒட்டாமல் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் அந்தத் தொடர் பெயரைப் பற்றி நிற்கிறது. உருபோடு நேரே வினைக்குப் போய்விட்டால் வினையைப் பற்றி நிற்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு வசதி இது. நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இருக்கிறது. வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று பலகை மாட்டி அதைப் பூட்டி வைக்கிறோம்.

இரட்டைப் பொருள் வரும் வாக்கியத்தில் இதன் அருமை தெரியும். ‘தி ஃபார்மர் ஹிட் தி மேன் வித் எ ஸ்டிக்.’ விவசாயி அந்த ஆளைத் தடியால் அடித்தாரா, தடி வைத்திருந்த ஆளை அடித்தாரா? ஆங்கிலம் வாயைத் திறக்காது. தமிழில் ‘தடியால்’, ‘தடி வைத்திருந்த’ என்று இரண்டாகப் பிரிந்தே ஆக வேண்டும். மலையாளத்திலும் ‘வடி கொண்டு’ என்றால் முதல் பொருள் மட்டும்தான். தொடரைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் போட்டால் ஆங்கிலத்திலும் குழப்பம் தீரும்: ‘வித் எ ஸ்டிக், தி ஃபார்மர் ஹிட் தி மேன்’. இப்போது தடி விவசாயி கையில்தான். வினையைப் பற்றும் தொடர் இப்படி இடம்பெயரும். பெயரைப் பற்றும் தொடர் தன் பெயரை விட்டு நகராது.

‘அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்’, ‘குட் அட் மேத்ஸ்’ என்று உரிச்சொல்லைப் பற்றி நிற்பதும் உண்டு. பள்ளி இலக்கணம் அதையும் அட்வெர்ப் கணக்கில் சேர்க்கிறது. ‘தி கீஸ் ஆர் ஆன் தி டேபிள்’ போல ‘ஆர்’, ‘இஸ்’ஸுக்குப் பின்னால் வருவதைச் சில நூல்கள் ஒரு விதமாகவும் சில நூல்கள் வேறு விதமாகவும் சொல்கின்றன, அந்த மாதிரி வாக்கியத்தைக் கொடுத்து ‘இது எந்த வகை’ என்று பிள்ளைகளைக் கேட்பது வம்பு. தங்கள் பயிற்சியில் தவிர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வினைமுற்று. ‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்’ என்று தொடங்கி அடுத்து ‘இஸ்’ போடுவதா ‘ஆர்’ போடுவதா? தொடரை அடித்துவிட்டுப் பாருங்கள். ‘ஆஃப் மேங்கோஸ்’ போய்விட்டால் மிச்சம் ‘தி பாக்ஸ்’. ஆகவே ‘இஸ் ஹெவி’. ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ்’ என்றால் ‘ஒன்’ மட்டும் மிச்சம், ‘இஸ் ஆப்சென்ட்’. பிரிப்பொசிஷனின் ஆப்ஜெக்ட் அந்த வாக்கியத்தின் எழுவாயாக முடியாது. பக்கத்தில் நிற்கும் பன்மையைப் பார்த்து ‘ஆர்’ எழுதுவதுதான் பிழை திருத்தும் கேள்வியில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் பொறி. விதிவிலக்கும் உண்டு. ‘சம், ஆல், மோஸ்ட்’ போன்ற அளவுச் சொல் தலையில் இருந்தால் அடைப்புக்குள் எட்டிப் பார்த்தாக வேண்டும்: ‘சம் ஆஃப் தி ரைஸ் இஸ்’, ‘சம் ஆஃப் தி மேங்கோஸ் ஆர்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்’, ஆனால் ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்’. முதலாவது ‘பல மாணவர்கள்’ என்ற பொருளில் வருகிறது, இரண்டாவது எண்ணிக்கையைச் சொல்கிறது.

எல்லைப் பகுதிக்கென்றே உள்ள சில பிழைகளையும் சொல்ல வேண்டும். ‘அவனிடம் கேட்டேன்’ என்று தமிழில் நினைக்கும் பிள்ளை ‘ஐ ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று எழுதும். மலையாளத்தில் ‘அவனோடு சோதிச்சு’ என்று நினைக்கும் பிள்ளை ‘ஐ ஆஸ்க்ட் வித் ஹிம்’ என்று எழுதும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு விதமான தப்பு. ‘ஆஸ்க்ட் ஹிம்’ என்பதுதான் சரி; பிரிப்பொசிஷனே வேண்டாம். கோபத்துக்கு மட்டும் கதை மாறும். நமக்கு ஒருவர் ‘மேல்’ கோபம் வருவதால் ‘ஆங்ரி ஆன் மி’ என்று எழுதுகிறோம். மலையாளத்தில் ஒருவரோடு தேஷ்யம். அந்த ‘ஓடு’ நேராக ‘ஆங்ரி வித் மி’ என்ற சரியான வடிவத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எந்த மொழி எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், சிவப்பு மையில் சுழிப்பதற்கு முன் பிழையின் வேரைக் காட்டலாம்.

‘பற்றி’ என்ற சொல்லால் ‘டிஸ்கஸ் அபௌட்’ வருகிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபௌட்’ வேண்டாம். ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்தான்’ என்பதிலுள்ள ‘கு’வால் ‘ரீச்ட் டு’ வருகிறது, அதற்கும் வேண்டாம். ‘வீட்டுக்குப் போ’ என்பது ‘கோ ஹோம்’. இடையில் ‘டு’ கிடையாது. காலத்தைச் சொல்வதில் நம் உருபு எதையும் காட்டிக்கொடுக்காது: ஐந்து மணிக்கு என்றால் ‘அட் ஃபைவ்’, காலையில் என்றால் ‘இன் தி மார்னிங்’, இரவில் என்றால் ‘அட் நைட்’. திங்கட்கிழமைக்கு நாம் உருபே போடுவதில்லை, ஆங்கிலம் ‘ஆன் மன்டே’ என்கிறது; ‘அடுத்த’ என்று சேர்த்தால் ஆங்கிலமும் உருபை விட்டுவிடுகிறது, ‘நெக்ஸ்ட் மன்டே’. இவற்றை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மனப்பாடத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல, அது வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்கிறோம்.

‘இரண்டு வருஷத்துக்கு முன்னால்’ என்பதை ‘பிஃபோர் டூ இயர்ஸ்’ என்று எழுதுவது எட்டாம் வகுப்பிலிருந்து அலுவலகக் கோப்பு வரை இருக்கும் நோய். சரியான வடிவம் ‘டூ இயர்ஸ் அகோ’. வேடிக்கை என்னவென்றால் ‘அகோ’ தமிழ்ச் சொல்லுருபைப்போல் பெயருக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலம் முழுக்க உருபைத் தேடி முன்னால் பார்த்துப் பழகிய பிள்ளை இந்தச் சொல்லுக்கு நம் வழக்கப்படி பின்னால் பார்க்க வேண்டும்.

வாக்கியத்தின் கடைசியில் பிரிப்பொசிஷன் அநாதையாக நின்றால் பயப்பட வேண்டாம். ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்பதில் ‘டு’வின் ஆப்ஜெக்ட் முன்னால் ஓடிப்போய் ‘ஹூ’வாக நிற்கிறது. ‘தி சேர் ஐ சாட் ஆன்’ என்பதில் ‘சேர்’தான் அந்த ஆப்ஜெக்ட். இப்படி எழுதுவது தவறு என்ற புகாரை ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1672-இல் எழுப்பினார். பின்னால் வந்த பள்ளி இலக்கணங்கள் அதை விதியாக்கிவிட்டன. ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் பேசினார்கள், இப்போதும் அப்படித்தான் பேசுகிறார்கள். இதற்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் கொஞ்சம் இரங்கலாம்.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. அந்த இரண்டு விடைக்கும் திருத்தம் வெளியிடுங்கள். அச்சில் வந்ததைத் தவறு என்று வகுப்பில் சொன்னால் ‘பேப்பர்லயே போட்டிருக்கு சார்’ என்று பிள்ளைகள் எங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இனி வரும் பயிற்சிகளில் ‘அடிக்கோடிடுக’ என்பதற்குப் பதில் ‘அடைப்புக்குள் இடுக, அது பற்றி நிற்கும் சொல்லுக்கு அம்பு போடுக’ என்று கேளுங்கள். சொல்லுக்குச் சொல் கோடு போடுவதை ஊகித்தே முடித்துவிடலாம், அம்பை ஊகிக்க முடியாது. வாக்கியங்களும் லண்டன் பாலம், பனிமனிதன் என்று இல்லாமல் இந்தப் பக்கத்தில் கண்ணால் பார்ப்பதாக இருந்தால் பிள்ளைகள் பொருளை வைத்துச் சரிபார்க்க முடியும்.

மாதிரிக்கு ஒன்று அனுப்புகிறோம். இடம் இருந்தால் வெளியிடலாம். ‘தி லாரி ஃப்ரம் பொள்ளாச்சி ஸ்டாப்ட் நியர் தி செக்போஸ்ட் அட் கோபாலபுரம் பிக்காஸ் ஆஃப் தி ரெயின், அண்ட் தி டிரைவர் வான்டட் டு ஸ்லீப் அன்டில் மார்னிங் கேம்.’ விடை: தொடர்கள் நான்கு. ‘ஃப்ரம் பொள்ளாச்சி’, எந்த லாரி என்று சொல்வதால் அம்பு ‘லாரி’க்கு. ‘நியர் தி செக்போஸ்ட் அட் கோபாலபுரம்’, எங்கே நின்றது என்று சொல்வதால் அம்பு ‘ஸ்டாப்ட்’டுக்கு. அதன் வயிற்றுக்குள்ளேயே ‘அட் கோபாலபுரம்’, கோபாலபுரத்தில் உள்ள செக்போஸ்ட் என்பதால் அம்பு ‘செக்போஸ்ட்’டுக்கு. ‘பிக்காஸ் ஆஃப் தி ரெயின்’, ஏன் நின்றது என்று சொல்வதால் மறுபடியும் ‘ஸ்டாப்ட்’டுக்கு. ‘டு ஸ்லீப்’ உறங்க என்னும் எச்சம், ஆகவே கணக்கில் இல்லை. ‘அன்டில் மார்னிங் கேம்’ என்பதில் ‘கேம்’ என்று தனிப் பயனிலை இருப்பதால் ‘அன்டில்’ கன்ஜங்ஷன். ‘கேம்’ஐ எடுத்துவிட்டு ‘அன்டில் மார்னிங்’ என்று மட்டும் எழுதினால் தொடர் ஐந்தாகிவிடும்.

இப்படிக்கு,
எல்லைப் பகுதி ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.